அன்றைக்குப் பனி இல்லை

எங்கள் வீட்டு மாடிக்கு மரப்பலகைத் தரை. அப்பா வீடு கட்டிய காலத்தில் செண்பகனூரில் மரம் சுலபமாகக் கிடைத்தது, சிமெண்ட்தான் மலையேறி வர வேண்டியிருந்தது. அதனால் மாடியில் குடியிருப்பவர்கள் இருமினால் கீழே கேட்கும். மற்றவர்கள் குடியிருந்தபோது எங்களுக்கு இருமல்தான் கேட்டது. இவர் வந்த பிறகு யோசனை கேட்டது.

நடந்தால்தான் அவருக்கு யோசனை ஓடும். ஜன்னலிலிருந்து கதவுக்கு, கதவிலிருந்து ஜன்னலுக்கு. சாப்பிடுவதும் நின்றுகொண்டுதான். கீழே நாங்கள் சாப்பிட உட்காரும்போது தலைக்கு மேல் பலகை கிறீச்சிடும். என் தம்பி சேவியர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்ப்பான். "இன்னைக்கிப் பெரிய கேசு போலக்கா. ஜன்னல்ட்ட போயி ரொம்ப நேரம் நிக்கிறாரு" என்பான். ஸ்டெல்லா, அவன் மனைவி, சிரிப்பை அடக்கிக்கொண்டு அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போடுவாள்.

அவர் வக்கீல். பெயரைச் சொல்லப்போவதில்லை. ஒருவர் இல்லாத இடத்தில் அவரைப் பற்றிப் பேசாதீர்கள் என்று வாய் ஓயாமல் சொன்னவரைப் பற்றி இவ்வளவு பேசுவதே அதிகம், பெயரையாவது விட்டுவைக்கிறேன். சாமியாராகப் போகிறேன் என்று செமினரியில் சேர்ந்து, தத்துவமெல்லாம் படித்து முடித்து, குருப்பட்டம் வாங்க வேண்டிய நேரத்தில் வெளியே வந்து சட்டம் படித்தவர். ஏன் வெளியே வந்தார் என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். எல்லாக் கதையிலும் ஒரு பெண் இருந்தாள். உண்மையில் இருந்தது ஒரு கேள்வி. அதை அப்புறம் சொல்கிறேன்.

அவர் வாயில் எப்போதும் இருந்தது வேறொரு கேள்வி. யார் யாரைப் பற்றி என்ன புகார் சொன்னாலும் முழுவதும் கேட்டுவிட்டு, "சரி, அப்ப மனசுல என்ன இருந்துச்சு?" என்பார். பால்காரர் வரவில்லை என்று நான் கத்தினால் அந்தக் கேள்வி. காட்டுமாடு வேலியை முட்டித் தள்ளிவிட்டு பீன்ஸ் பாத்தியை மேய்ந்துவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டால், "அதுக்கு அது வேலின்னு தெரியுமாங்க?" என்று மிகுந்த அக்கறையோடு விசாரிப்பார். பக்கத்து வீட்டுக்காரர் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். எங்கள் தெருவில் அவருக்குப் பெயர் மனசு வக்கீல்.

ஒரு நாள் ஸ்டெல்லாவின் மகள் ரோசி பந்தடித்து மாடி ஜன்னல் கண்ணாடியை உடைத்தாள். ஆறு வயதோ ஏழு வயதோ. ஸ்டெல்லா விறகுக்குச்சியோடு ஓடிவந்தாள். இவர் துண்டுக் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டே படியிறங்கி வந்து, அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "அடிக்கும்போது மனசுல என்ன இருந்துச்சும்மா?" என்றார்.

பிள்ளை யோசித்தது. "கண்ணாடி இருக்குன்னு தெரியும். ஆனா ஒடையாதுன்னு நெனச்சேன்."

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பரிசு வாங்கியவர் மாதிரி எழுந்தார். "கேட்டீங்களா டீச்சர்? தெரியும், ஆனா நடக்காதுன்னு நெனச்சேன். ஒடைக்கணும்னு அடிச்சது வேற. ஒண்ணுமே தெரியாம அடிச்சது வேற. இது ரெண்டுக்கும் நடுவுல. ஒலகத்துல பாதித் தப்பு இந்த நடுவுலதான் நடக்குது. சட்டம் இத எழுதப் பட்ட பாடு இருக்கே!"

"அது கெடக்கட்டும் சார். கண்ணாடிய யாரு போடுறது?" என்றேன்.

மழைக்காலம் வரும்வரை அந்த ஜன்னலில் அட்டைதான் இருந்தது.

அவரை எனக்குப் பிடித்திருந்தது என்று சொல்லிவிடுகிறேன். பிடித்திருந்ததால்தான் அவ்வளவு எரிச்சலும் வந்தது. நான் பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா. ஐம்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையின் மனசிலும் என்ன இருந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தால் மணியடித்துவிடும். யாராவது ஒருவனை எழுப்பி நிற்கவைத்தால்தான் மற்றவர்கள் அடங்குவார்கள். இதை அவரிடமே ஒரு தடவை சொன்னேன்.

சந்தையில் பேரிக்காய் மூட்டை திருடியவனைக் கம்பத்தில் கட்டிவைத்து அடித்த அன்று அது. இவர் காய் வாங்கப் போனவர், பையைக் கீழே வைத்துவிட்டு, அடிக்கிற ஒவ்வொருவரிடமும் போய், "ஒங்க வீட்ல இவன் என்ன எடுத்தான்?" என்று கேட்டிருக்கிறார். பாதிப் பேர் தொல்லை தாங்காமல் விலகிப் போய்விட்டார்கள். ஒருவன் இவரையே ஓங்கி ஒரு அறை விட்டான். கன்னம் சிவந்து வீட்டுக்கு வந்தவருக்கு ஸ்டெல்லா உப்பு ஒத்தடம் கொடுத்தாள். அப்போதும் உட்காரவில்லை. துணியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு எங்கள் சமையலறையில் நடந்தார்.

"திருடுனவனத் தண்டிக்கக் கூடாதா சார்?" என்றேன்.

"தாராளமாத் தண்டிக்கலாம். எதுக்குன்னு தெரிஞ்சு தண்டிக்கணும்." நின்றார். "பஸ்ஸுல டிரைவருக்கு முன்னாடி பெரிய கண்ணாடி இருக்கு. பக்கத்துல பின்னாடி பாக்குற சின்னக் கண்ணாடி இருக்கு. தண்டனைங்கிறது முன்னாடி பாத்துக் குடுக்குறதுன்னு சில பேரு சொல்லுவாங்க. இனிமே எவனும் செய்யக் கூடாது, ஊரு நிம்மதியா இருக்கணும். இல்ல, பின்னாடி பாத்துத்தான் குடுக்கணும், செஞ்சவனுக்கு, செஞ்ச அளவுக்குன்னு இன்னும் சில பேரு. இந்தச் சண்ட நூத்துக்கணக்கான வருசமா நடக்குது."

"நீங்க எந்தக் கண்ணாடி?"

"மலையில வண்டி ஓட்டுறவன் ரெண்டையும்தான் பாக்கணும். ஆனா முன்னாடி மட்டுமே பாத்தா ஒரு ஆபத்து இருக்கு டீச்சர். ஊரு நல்லாருக்கணும்னா செய்யாதவனத் தண்டிச்சாலும் சரிதான்னு ஆயிரும்."

"செய்யாதவன எவன் சார் தண்டிப்பான்!" என்று சிரித்தேன். சேவியரும் சிரித்தான். அவன் அப்படிச் சிரிக்கும்போது பல் முழுக்கத் தெரியும். இதை எழுதும்போதும் அந்தப் பல்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது.

*

பெருமாள்மலைச் சந்திப்பு உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். மேலே கொடைக்கானலுக்கும் பக்கத்தில் பண்ணைக்காட்டுக்கும் ரோடு பிரிகிற இடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்காக நானும் சேவியரும் அங்கே இறங்கினோம். நல்ல மத்தியானம். கண் கூசுகிற வெயில். நான் ஒரு கடை வாசலில் நின்று வாழைப்பழம் பார்த்துக்கொண்டிருந்தேன். சேவியர் எதிர்ப்பக்கம் போய் ஜீப் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டு ரோட்டைக் கடந்து என்னைப் பார்த்து வந்துகொண்டிருந்தான். பண்ணைக்காட்டுப் பக்கமிருந்து ஒரு ஜீப் வந்தது.

அதற்கு மேல் அதை எழுத மாட்டேன். ஜீப் சற்றுத் தள்ளிப் போய் நின்றது. டிரைவர் பக்கத்திலிருந்து ஒரு இளவட்டம் இறங்கினான். நீலச் சுவெட்டர், மீசை அரும்பிய முகம். அவன் என்னைப் பார்த்தான், தரையில் கிடந்தவனைப் பார்த்தான், பின்னால் வந்த ஒரு வண்டியில் யாரோ அவனைக் கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கூட்டம் சேர்ந்து, நாங்கள் சேவியரைத் தூக்கி வேனில் ஏற்றுகிற நேரத்துக்குப் பனி இறங்கிவிட்டது. மலையில் அது அப்படித்தான், வெயில் இருந்த இடம் கண் மூடித் திறப்பதற்குள் வெள்ளையாகிவிடும். பிறகு ஓடிவந்தவர்கள் எல்லோரும் பனியைத்தான் பார்த்தார்கள். வத்தலக்குண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் என் தம்பி என் மடியிலேயே போய்விட்டான்.

மறுநாள் வெள்ளனே ஒருவர் ஸ்டேஷனில் போய், வண்டியை ஓட்டியது நான்தான் என்று சரணடைந்தார். அவர் பெயர் முத்தையா. ஜீப்பின் சொந்தக்காரர் பண்ணைக்காட்டுப் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர். முத்தையா அவருடைய டிரைவர். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து சிறுவயதில் அப்பா அம்மாவோடு வந்த குடும்பம். நீலச் சுவெட்டர் போட்டவன் தோட்டக்காரரின் மகன். அவனுக்கு லைசென்ஸ் இல்லை.

இந்த மலையில் ஜீப் ஓடுகிற ஊர்களில் இது ஒரு வழக்கம். யாரும் இதைத் தப்பு என்றே நினைப்பதில்லை. லைசென்ஸ் இல்லாதவன் இடித்துவிட்டால் லைசென்ஸ் உள்ளவன் போய் நிற்பான். அப்போதுதான் இன்சூரன்ஸ் தகராறில்லாமல் வரும், செத்தவர் குடும்பத்துக்கும் ஒரு வழி பிறக்கும், இளவட்டத்தின் படிப்பும் கெடாது. போய் நிற்கிறவனை முதலாளி பார்த்துக்கொள்வார். முத்தையா குடியிருந்த தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீட்டை அவர் பெயருக்கே எழுதித் தருவதாகப் பேச்சு.

கோயில் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு தோட்டக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அழுதார். அது நடிப்பு இல்லை, அவர் உண்மையிலேயே அழுதார். "டீச்சரம்மா, நீங்க ஒண்ணும் பொய் சொல்ல வேணாம். வண்டிய ஓட்டுனவரச் சரியாப் பாக்கலன்னு சொன்னாப் போதும்" என்றார். ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போன உசுரு திரும்பியா வரப்போகுது மதினி? புள்ளைக்காச்சும் ஒரு வழி ஆகட்டும்."

அவள் சொன்னதில் என்ன தப்பு? நானும் தலையாட்டினேன். எல்லோருக்கும் நல்லது, ஒருவருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. வகுப்பில் கரும்பலகைக்கும் மேசைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். இவர் மாடியில் நடந்தார், நான் கீழே நடந்தேன்.

ஒரு சாயங்காலம் முத்தையா எங்கள் வீட்டு மாடிப்படி ஏறினார். சிலோன் குடும்பங்களுக்கு என்ன வழக்கு என்றாலும் இவரிடம்தான் வருவார்கள். இறந்தவன் வீடு இதுதான் என்று முத்தையாவுக்குத் தெரியாது. மேலே பேச்சுக் கேட்டது. நான் சமையலறையில் அசையாமல் நின்றேன்.

"ஒத்துக்கிட்டு வெரசா முடிச்சுக் குடுங்க சார். நீங்க பக்கத்துல நின்னாப் போதும்."

பலகை கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. ஜன்னல், கதவு, ஜன்னல். பிறகு நான் எதிர்பார்த்த கேள்வி வந்தது.

"சரி முத்தையா. அந்த ஆளப் பாத்ததும் மனசுல என்ன இருந்துச்சு?"

பதில் இல்லை.

"பிரேக் மிதிச்சீங்களா, திருப்புனீங்களா? என்ன தோணுச்சு?"

"அது... விளங்கல சார்."

இடித்தவனுக்கு எது மறந்தாலும் அந்த ஒரு நொடி மறக்காது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கே மறக்கவில்லை. மேலே நடை நின்றது. அவர் அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து, ஆள் மேலே இருக்கும்போது அவ்வளவு நேரம் பலகை சத்தமில்லாமல் இருந்து நான் கேட்டதில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலையில் கீழே வந்தார். சவரம் செய்யவில்லை. "டீச்சர், முத்தையா கேச நான் எடுக்கிறேன். எடுத்தா இந்த வீட்ல இருக்கக் கூடாது. பெருமாள்மலையில ரூம் பாத்துட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. "என் தம்பியக் கொன்ன வண்டிக்காரனுக்கு வக்கீலாப் போறீங்க. அதுவும் இந்த வீட்டுச் சோத்தச் சாப்பிட்டுட்டு!"

"அவரு என்ட்ட என்ன சொன்னாருன்னு நான் சொல்ல முடியாது."

"சொல்ல வேணாம். பலகை சொல்லிருச்சு. அவரே மனசார ஒத்துக்கிறாருல்ல? ஸ்டெல்லாவுக்கு நல்லது, அவருக்கு வீடு கெடைக்குது. இதுல ஒங்களுக்கு என்ன சோலி?"

"ஒத்துக்கிட்டா செஞ்சவராயிருவாரா டீச்சர்?" நடக்க ஆரம்பித்தார். "யாராவது ஒருத்தருக்குக் கெடைச்சாப் போதும்னா அது தண்டனை இல்ல. பலி."

அப்போதுதான் நான் அதைக் கேட்டேன். சுவரில் சேவியரின் போட்டோவுக்குப் பக்கத்தில் சிலுவையில் அறைந்த பாடுபட்ட சுரூபம் தொங்கியது. அதைக் காட்டிக் கேட்டேன். "அடுத்தவன் பாவத்துக்குத் தண்டனைய ஏத்துக்கிட்டவரத்தான நாம கும்புடுறோம்? அவரு செஞ்சா ரட்சிப்பு. முத்தையா செஞ்சா மட்டும் தப்பா?"

அவர் சுரூபத்துக்கு நேராக நின்றுவிட்டார். அடுப்பில் உலை கொதித்து வழிந்தது, ஸ்டெல்லா கூட அதைப் பார்க்கவில்லை.

"இந்தக் கேள்விலதான் டீச்சர் நான் செமினரிய விட்டு வெளிய வந்தேன்" என்றார். "அவரு ஏத்துக்கிட்டது அன்பு. அதுல எனக்கு ஒண்ணும் சந்தேகம் இல்ல. ஆனா அன்னைக்கித் தீர்ப்பு சொன்ன அதிகாரிக்கு, இவரு ஒரு தப்பும் செய்யலன்னு தெரியும். ஊரு அமைதியா இருக்கணும்னு கையக் கழுவிட்டுப் போயிட்டாரு. தன்னக் குடுக்க யாருக்கும் உரிமை உண்டு. வாங்கிக்க கோர்ட்டுக்கு உரிமை கெடையாது."

கதவருகே போனவர் திரும்பினார். "சேவியர் ஏன் செத்தாருங்கிறதுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள் ஒருத்தரு இருக்காரு. வேற ஒருத்தரு வந்து பதில் சொன்னா, ஒங்களுக்கு இன்னும் பதில் வரலன்னுதான் அர்த்தம்."

"எனக்குப் பதிலெல்லாம் வேணாம் சார். போங்க" என்றேன்.

அன்றைக்கே போய்விட்டார். தகரப்பெட்டியும் புத்தகக் கட்டும் மட்டும்தான். மாடியில் சத்தம் நின்றது. எனக்கோ அந்தச் சத்தமில்லாமை அதைவிடத் தொந்தரவாக இருந்தது.

*

வழக்கு வந்த அன்று நான் கோர்ட்டில் பின்வரிசையில் இருந்தேன். அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி மரணம் விளைவித்ததாகக் குற்றச்சாட்டை வாசித்தார்கள். ஒத்துக்கொள்கிறீர்களா என்று நீதிபதி அம்மா கேட்டார். முத்தையா கும்பிட்டபடியே, "ஒத்துக்கிறேங்கம்மா" என்றார். பக்கத்தில் நின்ற இவர் வாயைத் திறக்கவில்லை. ஒத்துக்கொள்வதும் மறுப்பதும் உங்கள் இஷ்டம், ஆனால் நான் எதையும் சொல்லித் தரமாட்டேன் என்று முத்தையாவிடம் முன்னாலேயே சொல்லிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அந்த அம்மா பேனாவை எடுத்தார். எழுதப் போனவர், என்ன தோன்றியதோ, நிமிர்ந்து, "எப்படி நடந்துச்சு? சொல்லுங்க" என்றார்.

முத்தையா உதட்டை நக்கினார். விபத்து நடந்த இடத்தில் அவர் இல்லை. இருந்திருந்தால் என்ன பார்த்திருப்பார் என்று யோசித்திருப்பார் போலிருக்கிறது. பெருமாள்மலையில் வண்டி ஓட்டுகிறவனுக்கு முதலில் என்ன ஞாபகம் வரும்?

"பனிங்கம்மா. மலையே மூடிக் கெடந்துச்சு. முன்னால ஆள் வந்தது தெரியல. யாரு ஓட்டியிருந்தாலும் நிறுத்த ஏலாதுங்க."

நான் எழுந்துவிட்டேன். எழ வேண்டும் என்று நினைத்து எழவில்லை. "அன்னைக்கிப் பனி இல்ல!" என்று கத்தினேன். "வெயிலு! நல்ல வெயிலு! என் தம்பி சட்டையில இருந்த பட்டன்கூடத் தெரிஞ்சுது!"

கோர்ட் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இவர் ஒருவர்தான் திரும்பவில்லை. ஸ்டெல்லா என் சேலையைப் பிடித்து இழுத்தாள். செய்யாத குற்றத்துக்கு முத்தையா ஜெயிலுக்குப் போயிருந்தாலும் நான் சும்மா இருந்திருப்பேன். ஆனால் அந்தப் பனியை என்னால் தாங்க முடியவில்லை. பனி என்று சொல்லிவிட்டால் சேவியரை யாருமே கொல்லவில்லை என்று ஆகிவிடும். அவன் வெயிலில் செத்தான். ஒருவன் கண்ணைத் திறந்துகொண்டு ஓட்டிய வண்டியில் செத்தான்.

நீதிபதி அம்மா என்னைக் கடிந்து உட்காரவைத்தார். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஒப்புதலை ஏற்க முடியாது, விசாரணை நடக்கட்டும் என்றார்.

விசாரணையில் கூண்டில் ஏறினேன். அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். அடுத்து இவர் எழுந்தார். எங்கள் வீட்டில் குடியிருந்த ஞாபகமே இல்லாதவர் மாதிரி என்னைப் பார்த்தார். ஒரே ஒரு கேள்வி.

"வண்டி நின்னதும் டிரைவர் பக்கத்துல இருந்து எறங்குன ஆளு இந்தக் கோர்ட்ல இருக்காரா?"

முத்தையா கூண்டிலிருந்து என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். சொல்லிவிடாதே என்று. தன்னைத் தண்டிக்கும்படி ஒரு மனிதன் கண்ணால் கெஞ்சுவதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"இல்ல" என்றேன்.

முத்தையா முகத்தைப் பொத்திக்கொண்டார்.

விடுதலையான அன்று கோர்ட் வராந்தாவில் முத்தையா போட்ட சத்தம் எல்லோருக்கும் கேட்டது. "யாரு சார் ஒங்களக் காப்பாத்தச் சொன்னது? என் லயத்து வீடு போச்சு. சிலோன்ல இருந்து தொரத்துனாங்க, இப்ப இங்கயும் தொரத்துறாங்க. நீங்க நல்லவரா இருக்கறதுக்கு நான்தான் கெடைச்சனா?" இவர் சுவரோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நடக்கக்கூட இல்லை. முத்தையா குடும்பத்தைத் தோட்டத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். இவர் தன் ரூமை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, வத்தலக்குண்டிலும் ஒட்டன்சத்திரத்திலும் ஏறி இறங்கி முத்தையாவுக்கு ஒரு லாரி வேலை பிடித்துக் கொடுத்தார். முத்தையா அதை வாங்கிக்கொண்டார், நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நானும் நினைக்கவில்லை.

ஸ்டெல்லா ரோசியைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இன்சூரன்ஸ் இழுபறியில் கிடந்தது. போகும்போது, "ஒங்க தம்பிக்கு நீங்க நியாயம் வாங்கிட்டீங்க மதினி. என் புருசனுக்கு யாரு வாங்குறது?" என்று கேட்டாள். அது ஒரே ஆள்தானே என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. அவளுக்கு இரண்டு ஆளாகத் தெரிந்ததில் அர்த்தம் இருந்தது.

அதற்கப்புறம் இவருக்கு மலைமேல் வழக்கு வருவது நின்றுபோனது. ஒத்துக்கொள்ள வருகிறவனுக்கே விடுதலை வாங்கிக் கொடுத்து அவனை நடுத்தெருவில் விடுகிற வக்கீலிடம் எவன் வருவான்? பெருமாள்மலை பஸ் நிறுத்தத்தில் ஒரு நாள் அவரைத் தகரப்பெட்டியோடு பார்த்தேன். மதுரைக்குப் போகிறார். பெட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நின்றார்.

"சரியானதச் செஞ்சேன்னு தெரியுது டீச்சர். நல்லதச் செஞ்சேனான்னு தெரியல" என்றார். "ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுத்தான் இத்தன வருசம் படிச்சேன்."

ஏதாவது ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம். "குளிருது, மப்ளரக் கட்டிக்கோங்க" என்றுதான் வாயில் வந்தது. பஸ் வந்தது. அதிலும் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியேதான் போனார்.

தோட்டக்காரர் மகன் மேல் புதிதாக வழக்குப் பதிவானது. அது வாய்தா வாய்தாவாகப் போய்க்கொண்டிருந்தது. நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இவர் போய் வெகுநாள் கழித்து, விடுமுறை நாளில் ஒரு மத்தியானம் வாசலில் யாரோ நிற்பது தெரிந்தது. மீசை அடர்ந்திருந்தது. சுவெட்டர் இல்லை. ஆனால் ஆளை எனக்குத் தெரிந்துவிட்டது.

"யாரு அனுப்புனா? ஒங்கப்பாவா?" என்றேன்.

"இல்லக்கா. அப்பாவுக்குத் தெரியாது. அந்த வக்கீல் சாரு ஊர விட்டுப் போறதுக்கு முன்னாடி எங்க தோட்டத்துக்கு வந்தாரு. அப்பா உள்ள விடல. கேட்டுக்கு வெளிய நின்னு என்ட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. நான் சொல்ல வாயத் தொறந்தேன். எனக்குச் சொல்லாத, யாருக்குச் சொல்லணுமோ அவங்களுக்குப் போய்ச் சொல்லுன்னுட்டு இறங்கிப் போயிட்டாரு."

என்ன கேட்டார் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. பதில் வேண்டாம் என்று அவரிடம் அவ்வளவு வீறாப்பாகச் சொன்னவள், இப்போது அந்தக் கேள்வியை நானே கேட்டேன்.

"அப்ப மனசுல என்ன இருந்துச்சு?"

அவன் என்னைப் பார்த்துச் சொல்ல முயன்றான், முடியவில்லை. படிக்கட்டைப் பார்த்துச் சொன்னான்.

"அவரு ரோட்டுல வர்றது தெரிஞ்சுதுக்கா. ஆனா வெலகிருவாருன்னு நெனச்சேன்."

மாடி ஜன்னலில் ரோசி உடைத்த கண்ணாடிக்குப் பதிலாக சேவியர் போட்ட புதுக் கண்ணாடி மின்னியது. நான் வாசல்படியில் உட்கார்ந்தேன். எத்தனையோ மாதமாக ஒரு இடத்தில் உட்காராத கால் அப்போதுதான் மடங்கியது.

"அன்னைக்கி வெயில்தான?" என்றேன்.

"வெயில்தான்க்கா" என்றான். அழுதுகொண்டிருந்தான். "நல்ல வெயில்."

உள்ளே வா என்று நான் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. தம்பி செத்ததற்கு அன்றைக்குத்தான் நான் வாய்விட்டு அழுதேன்.